சூலம் போட்ட போத்தல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுத உட்காருவேன், பிறகு அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்று, "தாயே, குடும்ப விசயம் ஊர்வாயில விழ வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிவிடுவேன். என் தம்பி உயிரோடு இருக்கிறான். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்கும் ஒரு பெண்சாதி இருக்கிறாள். என் வீட்டுக்காரியிடம் கேட்டபோதெல்லாம் அவள் "வேணாங்க" என்ற ஒரே வார்த்தையோடு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

போன தை மாதம் தலவாக்கலையில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் எனக்கு அறிமுகம் இல்லாதவர், திம்புள்ளப் பக்கத்துக்காரர். மழை, கொழுந்து, சம்பளம் என்று பேசிக்கொண்டே வந்தவர் எப்படியோ சூனியத்துக்கு வந்துவிட்டார்.

"ஒங்க லிந்துலப் பக்கந்தாண்ணே நடந்துச்சாம். ஒருத்தி கொழுந்தன் பொண்டாட்டிக்குக் கரு தங்கக் கூடாதுன்னு, போத்தல்ல தலமுடி, ஆணி, பொம்ம எல்லாம் போட்டு அத்திவாரத்துல பொதச்சு வச்சாளாம். கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணவும் கையே வெந்து போச்சாம். ஆத்தா கேக்காம விடுவாளா?"

இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தியே இறங்கி, தூறலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். அவர் சொன்ன அந்த ஒருத்தி என் வீட்டுக்காரி.

அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கேட்டதைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். 

"பொம்மையும் வந்துருச்சா?" என்றாள். பிறகு, "எழுதுங்க. நடந்தத மட்டும் எழுதுங்க" என்றாள்.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அலங்காரமாக எழுத வராது. அம்மன் சாட்சியாக நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீடுகளில், இருந்தோம். நானும் தம்பியும் அடுத்தடுத்த காம்பரா. நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அவன் வீட்டில் கடுகு தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும். எங்கள் மகளை நோட்டன் பிரிட்ஜில் கட்டிக் கொடுத்துவிட்டோம். தம்பிக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் தங்கவில்லை. முதல் தடவை ஆஸ்பத்திரியில் தம்பி பெண்சாதிக்குத் துணையாக, கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் கிடந்தவள் என் வீட்டுக்காரிதான். "அக்கா, அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை தூங்கும்.

தனி வீடு கட்டக் காணி கிடைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துத் துண்டு. மலையின் ஓரத்தில், கவனிப்பில்லாமல் விட்டிருந்த பழைய தேயிலை. புதுசாக நட்ட தேயிலை இல்லை, விதையில் முளைத்து வெள்ளைக்காரத் தொரை காலத்திலிருந்து நிற்கிற செடிகள். அடித்தண்டு தொடை மொத்தம் இருக்கும். அத்திவாரம் நாங்களே வெட்டினோம். அந்தச் சமயம் தம்பி பெண்சாதி மூன்றாவது தடவையாக உண்டாகியிருந்தாள்.

இரண்டு துண்டுக்கும் நடுவில், சரியாக எல்லையில், ஒரு பெரிய தேயிலைக் கட்டை நின்றது. தம்பி அதைச் சுற்றி மம்பட்டியால் வெட்டி, அலவாங்கைப் போட்டு நெம்பிக்கொண்டிருந்தான். நான் கீழே ரோட்டிலிருந்து கல் சுமந்துகொண்டிருந்தேன். "அண்ணே!" என்று சத்தம் கேட்டு ஓடிவந்தபோது கட்டையைப் பிடுங்கி மேட்டில் எறிந்திருந்தான். விறகுக்கு ஆகும் என்று. குழிக்குள் உதிர்ந்த மண்ணில் ஒரு போத்தல் கிடந்தது. அதன் வாய் அவனுடைய துண்டைப் பார்த்து இருந்தது.

கண்ணாடிப் போத்தல் இல்லை. மண்ணால் செய்தது. ஆனால் நம்முடைய சட்டி பானை மாதிரியும் இல்லை. கல் மாதிரிக் கனம், தட்டினால் ணங் என்றது. கழுத்தும் தோளும் தேன் நிறம், அதற்குக் கீழே சாம்பல் பூத்த வெள்ளை. வாயில் தக்கை கறுத்து, பாதி இற்றுப் போயிருந்தது. தம்பி ஒரு குச்சியை விட்டுக் கிளறினான். கறுப்பு மண் வந்தது. மண்ணோடு நீளநீளமாக, மெல்லிசாக, கறுப்பாக ஏதோ வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"முடி" என்றாள். கேத்தலை அப்படியே கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வெட்டின வாய்க்காலில் அத்திவாரக் கல் வைக்கும்போது நாம் நவதானியம் போடுகிறோம், காசு போடுகிறோம். நல்லது நினைக்கிறவன் நல்லதைப் போடுகிற இடத்தில் கெட்டது நினைக்கிறவன் வேறொன்றைப் போடுவான் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அன்று சாயந்திரம் அந்தப் பிள்ளைக்கு அடிவயிறு வலித்தது. மறுநாள் தம்பி கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு வந்தான். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர்.

அவர் போத்தலைத் தொடவில்லை. கிடந்த கிடையிலேயே குனிந்து பார்த்தார். அடிப்பக்கம் பிசைந்த மண்ணில் குத்தின மாதிரி சில அடையாளங்கள் இருந்தன. பாதி தேய்ந்து போனவை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. மூன்று முனை, கீழ்நோக்கி.

"சூலத்தக் கவுத்துப் போட்டுருக்கு" என்றார் கோடாங்கி. "ஆத்தாளையே கட்டி வச்சுருக்கானுக. வாய் எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"எங்க பக்கம் சாமி" என்றான் தம்பி.

உடுக்கை அடித்தார், கண்ணை மூடினார். "வெளியாள் இல்ல. பொம்பளக் கை. ஒங்க அடுப்புப் பொகையைச் சுவாசிக்கிறவ. வலது கையில வெட்டுத் தழும்பு இருக்கும்."

எங்கள் தோட்டத்தில் கையில் தழும்பு இல்லாத பொம்பளை யார்? ஆனால் எங்கள் அடுப்புப் புகை போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். எல்லாருடைய கண்ணும் என் வீட்டுக்காரியின் கைக்குப் போனது. விறகுக்குத் தேயிலை மிலாறு வெட்டப் போய்க் கத்தி பட்ட தழும்பு அது. அவள் சேலைத் தலைப்புக்குள் கையை இழுத்துக்கொண்டாள். பயத்தில் செய்தாள். அதையும் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள்.

தம்பி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "ஏன் அண்ணி?" என்றான். அவ்வளவுதான்.

போத்தலைச் சிவப்புத் துணியில் கட்டி முனியாண்டி மரத்தில் தொங்கவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் என் வீட்டுக்காரி சூடம் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும். அதற்குப் பிறகு கோடாங்கி வந்து போத்தலை உடைத்து ஆற்றில் விடுவார். கோயில் தலைவர் அப்படித் தீர்த்து வைத்தார். அவர் கெட்ட மனிசர் இல்லை. "சுத்தமா இருந்தா என்னாம்மா பயம், அடிச்சுட்டுப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்: "நான் அடிச்சுர்றேன். ஆனா அதுக்குப் பொறகும் அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? பொய்ச் சத்தியம் பண்ணிட்டான்னுதானே சொல்லுவாங்க? நான் எங்கங்க போவேன்?"

அந்த நாள் தொடங்கி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது அவளுக்கு இரண்டு பக்கமும் நிரையைக் காலியாக விட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா வழியாகப் போனபோது ஒரு தாய் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாளாம். அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் இவள்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த மாதிரி மண் போத்தலை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். யோசித்து யோசித்து ஞாபகம் வந்தது. நுவரெலியா டவுனில் பழைய சாமான் விற்கிற ஒரு கடை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் போய்ப் பார்ப்பார்கள். அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டை கிராமபோனுக்குப் பக்கத்தில் இந்த நிறத்தில் நின்றது. கடைக்காரர் விற்க வைத்திருக்கிற பொருள் சூனியப் பொருளாக இருக்குமா? எவ்வளவு பழசு என்று அவர் சொல்லிவிட்டால், என் வீட்டுக்காரி பிறப்பதற்கு முந்தின போத்தல் என்று தெரிந்துவிட்டால் போதுமே என்று நினைத்தேன்.

ஆனால் போத்தல் முனியாண்டி மரத்தில் கட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அதை உடைத்துவிடுவார்கள்.

எல்லாரும் மலைக்குப் போயிருந்த பகல் நேரத்தில் மரத்தடிக்குப் போனேன். நான் தெய்வ பயம் உள்ளவன். முனிக்குக் கட்டினதை அவிழ்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்து, விழுந்து கும்பிட்டேன். "அப்பனே, களவு எடுக்கல. ஒன்னையக் கேட்டு எடுக்கிறேன். எம் பொஞ்சாதி செஞ்சது உண்மையின்னா என் கைய எடுத்துக்க. இல்லேன்னா கூட வா" என்றேன். ஒரு காற்று கூட அடிக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளையைப் பிடிப்பது போல அதை இறுக்கிப் பிடித்தேன்.

கடைக்காரர் சிங்களவர். உடைந்த தமிழ் பேசுவார். துணியை அவிழ்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யே, மேக்க ஹரி பரணய்!" என்றார். அண்ணே, இது ரொம்பப் பழசு என்று அர்த்தம். "எங்க தோண்டினது?"

நான் உண்மையைச் சொன்னேன், சூனியம் என்று சொல்கிறார்கள், பெண்சாதிக்குச் சத்தியம் வைத்திருக்கிறார்கள் என்று. அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார். போத்தலைக் கழுவட்டுமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கழுவினார். வெளிச்சத்தில் நிமிர்த்தி வைத்தார்.

"இது ஜிஞ்சர் பீர் போத்தல். இஞ்சிச் சோடா மாதிரி. தொரமார் குடிச்சது" என்றார். தன் கடைப் போத்தல்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வரிசையாக வைத்தார். ஒன்றின் வாய்க்குள் திருகு மூடிக்கு வரிப் பள்ளம் இருந்தது. இன்னொன்றின் வாய் நம்முடைய சோடா மூடி போடுகிற மாதிரி. "இதெல்லாம் பின்னாடி வந்தது. ஒங்களோடது வெறும் தக்க. உள்ள இருக்கிற காத்துல தக்க பிச்சுப் போகாம நூல் போட்டுக் கட்டுவாங்க, இந்தா ஒதடு தடிப்பா இருக்குல்ல, அதுக்குத்தான்." பிறகு தன்னுடைய போத்தலின் வயிற்றில் கறுப்பு மையில் அச்சடித்திருந்த படத்தைக் காட்டினார். "இது பிந்தினது. ஒங்களோடதுல மை இல்ல. பச்ச மண்ணுல குத்தினது. ஒங்க தாத்தா, அவரோட தாத்தா, அந்தக் காலம். தேயில போட ஆரம்பிச்ச நேரமா இருக்கலாம். வருசம் சரியாச் சொல்ல எனக்குத் தெரியாது. சொன்னா பொய்."

"அப்ப இந்தச் சூலம்?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. விரலால் காட்டினேன். அவர் போத்தலைப் படுக்க வைத்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், மறுபடி படுக்க வைத்தார்.

"அய்யே, நிமித்திப் பாருங்க. இங்கிலீஸ் எழுத்து, ஈ."

பார்த்தேன். ஈதான். வரிசையாகப் பெயர் குத்தியிருக்கிறார்கள். போத்தல் செய்தவனுடைய பெயராக இருக்கும் என்றார். மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்து, ஈ மட்டும் தப்பியிருக்கிறது. போத்தல் படுத்தால் அதுவும் படுத்துக்கொள்ளும். மூன்று முனையும் கீழே பார்க்கும். எட்டு வருசம் பள்ளிக்கூடத்தில் எழுதின எழுத்து அது. அந்தக் குழிக்குள் அது எழுத்து என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

உள்ளே இருந்த முடியையும் அவர் இழுத்தார். அதில் ஓர் இழையை எடுத்து நெருப்புக்குச்சியைக் காட்டினார். முடி கருகினால் என்ன நாற்றம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். இது காய்ந்த புல் மாதிரிப் புகைந்தது. வேர்.

அவர் அதை விலைக்குக் கேட்டார். "இல்ல மாத்தயா, இது எம் பொஞ்சாதியோட உசிரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வருகிற வழியெல்லாம் சந்தோசம். நானோயாவில் பஸ் நின்றபோது அவளுக்குப் பிடிக்கும் என்று கடலை வடை வாங்கினேன். நேராகத் தம்பி வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாய், உதடு, எழுத்து, வேர், ஒன்றும் விடவில்லை. தம்பி குறுக்கே பேசாமல் கேட்டான்.

"சொல்லி முடிச்சுட்டியாண்ணே?"

"ஆமாடா."

"போத்தல் பழசு. சரி. அது எனக்கும் தெரியுது. பழைய போத்தல எடுத்துப் புதுசா வைக்க முடியாதா? அண்ணி கல்யாணத்துக்கு உடுத்துன சேலையும்தான் பழசு. இன்னைக்கு உடுத்த முடியாதா? வச்ச கை எதுன்னு அந்தச் சிங்கள மாத்தயா சொன்னாரா?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பழசு என்று தெரிந்தால் போதும் என்று அவ்வளவு தூரம் போய்விட்டு வந்தேன். மண்ணுக்குள் அது எப்போது போனது என்று எந்தக் கடைக்காரனால் சொல்ல முடியும்? என் கையில் வடைப் பொட்டலம் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது.

போத்தலை மறுபடி துணியில் சுற்றி மரத்தில் கட்டினேன். அதை அவிழ்த்ததையும் தம்பி ஊருக்குள் சொல்லிவிட்டான். முனிக்குக் கட்டினதைத் தொட்டுவிட்டான் என்று என்னையும் சேர்த்துப் பேசினார்கள்.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கரு தங்கவில்லை. லயத்தில் பொம்பளைகள் அழுத சத்தம் சுவருக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக எங்கள் காம்பராவுக்குள் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரி எழுந்து ஓடினாள். அந்த வாசலில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் காலைப் பிடிக்காத குறை. "போகாட்டி நான்தான்னு ஆயிரும்" என்றாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு போனாள். தலைவர் தட்டில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார். வழக்கம் என்னவென்றால் உள்ளங்கையால் ஒரே அடி அடித்து அணைப்பது. கை சுடாது, அவ்வளவு வேகம். அவள் அடிக்கவில்லை. கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"ஆத்தா, நான் செஞ்சிருந்தா என் வம்சம் அத்துப் போகட்டும். செய்யலேன்னா அந்தப் புள்ளைக்கு ஒரு உசிரக் குடு" என்று முழுவதும் சொல்லி முடிக்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

நான் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை வெந்திருந்தது.

யாரோ ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள்: "சுத்தமானவளுக்குச் சுடுமா?"

தம்பி அதைக் கேட்டான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தம்பி சுவருக்கு மேலே இருந்த இடைவெளியைத் தகரம் வைத்து அடைத்தான். ஆணி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் என் வீட்டுக்காரி கண்ணை மூடித் திறந்தாள். கோடாங்கி திரும்பி வரவில்லை. போத்தலை உடைக்க வேறு யாருக்கும் தைரியம் இல்லை. அது மரத்திலேயே தொங்கியது. அத்திவாரத்தில் மழைத் தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. கட்டின கையோடு அவள் மலைக்குப் போனாள். இடது கையால் கொழுந்து எடுத்தாள். பேசுவது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் சோறு பிசைந்தபடியே கேட்டாள்: "என்னாங்க, தூக்கத்துல எந்திருச்சுப் போயி நானே வச்சிருப்பேனோ?"

தட்டைத் தள்ளி வைத்தேன். "என்னா புள்ள பேசுற?"

"இல்ல, இத்தன பேரு சொல்றாங்க. எல்லாருமா பொய் சொல்லுவாங்க?"

அன்றைக்குத்தான் நான் அம்மனோடு சண்டை பிடித்தேன். கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுப் படத்துக்கு முன்னால் நின்று, "நீ பேசலேன்னா பரவால்ல. அவளைப் பைத்தியமாக்கிறாத" என்றேன். விளக்கு கூட வைக்கவில்லை. அப்படி ஒரு ஆத்திரம். இப்போது எழுதும்போதும் அந்த ஆத்திரம் முழுக்க ஆறவில்லை. அவள் தெய்வம், பொறுத்துக்கொள்வாள்.

மாசி வெயில் வந்தது. அந்த மாதத்தில்தான் எங்கள் பக்கம் விறகு காயும். அடைத்த தகரத்துக்கு அந்தப் பக்கம் தம்பி பெண்சாதி கோடாலியால் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம். ஒரு கட்டை பிளக்கவே இல்லை போல. அதே இடத்தில் அடி விழுந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. வெகுநேரம் சத்தமே இல்லை.

கொஞ்சம் கழித்து வாசலில் நிழல் தட்டியது. அவள் நின்றாள். ஒரு கையில் தேயிலைக் கட்டை. இன்னொரு கையில் சிவப்புத் துணி. முனியாண்டி மரத்தடிக்குப் பொம்பளைகள் போவதில்லை. அவள் போயிருக்கிறாள். அவளே அவிழ்த்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, இதப் பாருங்க" என்றாள்.

எல்லையில் தம்பி பிடுங்கி எறிந்த அதே கட்டை. பச்சையாக இருந்ததால் இத்தனை நாள் விறகுக் குவியலின் அடியில் கிடந்திருக்கிறது. தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். அடித்தண்டிலிருந்து இரண்டு வேர், ஒவ்வொன்றும் கைமொத்தம், இறங்கி வந்து வளைந்து நடுவில் ஓர் இடத்தை விட்டு மறுபடி ஒட்டியிருந்தன. ஒன்றில் அலவாங்கு கிழித்த காயம். அந்த நடு இடத்தின் உள்பக்கம் வழவழவென்று, அகப்பைக் குழி மாதிரி இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து போத்தலை எடுத்து, அலவாங்கு கிழித்த பக்கம் வழியாக அந்தக் குழிக்குள் வைத்தாள். பிள்ளையை ஏணையில் படுக்க வைப்பது போல அது போய் உட்கார்ந்தது. கழுத்து இருக்கிற இடத்தில் வேரும் ஒடுங்கியிருந்தது. தோள் இருக்கிற இடத்தில் வேரும் அகன்றிருந்தது. வாய் வருகிற இடத்தில் அறுந்துபோன மெல்லிய வேர்நார்கள் கொத்தாகத் தொங்கின. போத்தலுக்குள் இருந்த அதே 'முடி'.

"இது இவ்ளோ மொத்தமாகி இப்புடி வளைஞ்சு புடிக்க எத்தன காலம் ஆகும்க்கா? செடி சின்னதா இருக்கிறப்பவே இது உள்ள இருந்துருக்கு. நீங்க இல்ல. யாருமே இல்ல."

என் வீட்டுக்காரி வேரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்தாள்.

"ஒடம்பு தேறாம நீயா கோடாலி தூக்குன?" என்றாள்.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் வெளியே போய் நின்றேன்.

தம்பி சாயந்திரம் வந்தான். பெண்சாதி சொன்னதைக் கேட்டான். எங்கள் வாசலில் குந்திப் போத்தலை வேருக்குள் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"நாந்தானேண்ணே நெம்புனேன்" என்றான். "எங்கண்ணுக்குத் தெரியலையே." பிறகு "அண்ணி" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவள் அவனுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். இன்றுவரை அவனுக்குச் சோறு போடுவாள், காய்ச்சல் என்றால் கசாயம் வைப்பாள். தேவைக்கு மேல் பேசமாட்டாள். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டதில்லை. அது அவளுக்கும் ஆத்தாளுக்கும் உள்ளது.

தகரத்தை அவனே பிடுங்கினான். வீடு இரண்டும் எழும்பிவிட்டன. கட்டையையும் போத்தலையும் பூசை அறையில் வைக்கலாம் என்று எனக்கு ஆசை. அம்மன் அதன் வழியாகத்தான் பேசினாள் என்று நான் நம்புகிறேன். வீட்டுக்காரி விடவில்லை. "அது சாமியும் இல்ல, பேயும் இல்ல. போத்தலு" என்றாள். பின்பக்கம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அது வேரோடு இருக்கிறது. வருகிறவர்கள் வந்து பார்க்கலாம். அந்தத் தேயிலையை நட்ட காலத்தில் யாரோ ஒரு தொரை தாகத்துக்குக் குடித்துவிட்டு எறிந்திருக்க வேண்டும். எங்கள் முன்னோர் யாராவது அதன்மேல் கன்றை வைத்து மண்ணை மிதித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

தம்பிக்கு இன்னும் பிள்ளை இல்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாவிட்டால், போத்தலை எடுத்ததும் பிள்ளை பிறந்தது என்று யாராவது சேர்த்துவிடுவார்கள்.

இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதை எங்களை முந்திக்கொண்டு திம்புள்ளக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டது. போகிற இடமெல்லாம் ஏதாவது ஒன்று கூடுகிறது. நீங்கள் யாரிடமாவது சொன்னால் இங்கே உள்ளபடியே சொல்லுங்கள். பொம்மை இல்லை, ஆணி இல்லை. இருந்தது வேர். சூலம் என்றது ஓர் எழுத்து. எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல் கூட்டவும் வேண்டாம். எங்களுக்காகக் கூச்சப்பட்டு ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம். அவள் கை வெந்தது உண்மை. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.